மரத்தைத் தேடி வந்த ரம்பம்

நீலகிரி என்றதும் உதகமண்டலமும் குன்னூரும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதே மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி, நெல்லியாளம் என்றொரு நகராட்சி இருக்கிறது. பந்தலூரும் தேவாலாவும் இதனுள் அடங்கியவை. தென்மேற்குப் பருவக்காற்று மலையேறி வந்தவுடன் முதலில் நனையும் பகுதி இது. 1877ஆம் ஆண்டு வரை இப்பகுதி நீலகிரியோடு சேர்ந்ததாகவே இல்லை. மலபார் மாவட்டத்து வயநாட்டின் தென்கிழக்குப் பகுதியாக இருந்து, அந்த ஆண்டில்தான் நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. இதனால் இங்கே தமிழும் மலையாளமும் ஒரே கடைவாசலில் கேட்கும்.

இந்த ஊரில் ஒரு தச்சர் மின்சாரக் கைரம்பம் ஒன்று வாங்கக் கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அவர் முன்னே இரண்டு கருவிகளை எடுத்து வைக்கிறார். ஒன்று பெரியது, விலை கூடியது. மற்றொன்று சிறியது, எடை குறைந்தது, விலையும் மலிவு. இரண்டிலும் வட்டமான ரம்பத் தட்டு ஒன்று மின்மோட்டாரால் சுழல்கிறது. எதை வாங்குவது? பார்வைக்குச் சிறிய வினாதான். ஆனால் இதற்கு விடை சொல்ல, நாம் ஏறக்குறைய 250 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்தக் கருவியில் உள்ள ஒவ்வோர் உறுப்பும் ஏதோ ஒரு காலத்தில் யாரோ பட்ட துன்பத்துக்குப் பதிலாக வந்து சேர்ந்தது.

மரம் நகருமா, ரம்பம் நகருமா?

காட்டில் வீழ்த்திய தேக்கு மரம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதைத் தூக்க யானை வேண்டும். ரம்பத்தைத் தூக்க இரண்டு பேர் போதும். ஆகவே பழங்காலத்தில் ரம்பம்தான் மரத்தைத் தேடிச் சென்றது. தரையில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, அதன் மேல் மரத்தைக் கிடத்துவார்கள். ஒருவர் மரத்தின் மேல் நிற்பார். மற்றொருவர் குழிக்குள் நிற்பார். நீண்ட ரம்பம் இருவருக்கும் இடையே மேலும் கீழுமாக ஓடும். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்து நடத்த வேண்டும். கீழே நிற்பவருக்குக் கிடைப்பது கண்ணிலும் வாயிலும் விழும் மரத்தூள். கூலியை எப்படிப் பங்கிட்டார்களோ, கீழே நின்றவருக்குக் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும் தவறில்லை.

(தமிழில் ‘ஈர்தல்’ என்றால் அறுத்தல், பிளத்தல் என்று பொருள். நம் பேச்சில் அந்தச் சொல் ஏறக்குறைய மறைந்துவிட்டது. மலையாளத்தில் மட்டும் ‘ஈர்ச்சவாள்’ என்று அது உயிரோடு இருக்கிறது. பந்தலூர்ப் பக்கத்துத் தச்சர்கள் அதைக் கேட்டுப் பழகியவர்கள்.)

1880ஆம் ஆண்டையொட்டித் தேவாலாவிலும் பந்தலூரிலும் தங்க வேட்டை தொடங்கியது. லண்டனில் கம்பெனிகள் முளைத்தன. பாறையைக் குடைந்தார்கள், ஆலைகளை அமைத்தார்கள், சில ஆண்டுகளுக்குள் கைவிட்டும் போனார்கள். தங்கம் கிடைத்ததோ இல்லையோ, மரம் கிடைத்தது. தேயிலையும் காப்பியும் பயிரிடக் காடு திருத்தியபோதும் மரம் கிடைத்தது. மலைக்குக் கீழே நிலம்பூரில் 1840களில் மலபார் கலெக்டர் கனோலி தேக்குத் தோட்டம் போட்டிருந்தார். இந்த மலையில் பிறக்கும் பாண்டியாறும் புன்னம்புழையும் சாலியாற்றில் சேர்கின்றன. சாலியாற்றின் வழியே மரங்களை மிதக்கவிட்டுக் கோழிக்கோட்டுக்கு அருகிலுள்ள கல்லாயிக்குக் கொண்டு சென்றார்கள். கல்லாயி உலகப் புகழ்பெற்ற மரச்சந்தையாக விளங்கியது. அங்கே பெரிய மரஅறுப்பு ஆலைகள் எழுந்தன. கதை இப்போது தலைகீழாகிவிட்டது. ரம்பம் ஓரிடத்தில் அசையாமல் நின்றது. மரம் அதைத் தேடிச் சென்றது.

ரம்பம் அசையாமல் நின்றதற்கு அதன் வடிவமே காரணம். இருவர் இழுக்கும் ரம்பம் ஒரு திசையில் மட்டுமே அறுக்கிறது. திரும்பி வரும்போது செலவாகும் உழைப்பு வீண். இந்த வீணை நீக்க வழி, ரம்பத்தை வட்டமாக்கிச் சுழலவிடுவது. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரத்தைச் சேர்ந்த சாமுவேல் மில்லர் 1777ஆம் ஆண்டில் பெற்ற காப்புரிமையில் வட்ட ரம்பம் குறிப்பிடப்பட்டுள்ளது. அமெரிக்காவில் தபிதா பாபிட் என்ற பெண்மணி 1813ஆம் ஆண்டுவாக்கில் இதைத் தாமே கண்டுபிடித்தார் என்றொரு கதையும் உண்டு. வரலாற்றாசிரியர் பலர் அதை ஏற்பதில்லை. எப்படியாயினும், வட்ட ரம்பத்தைச் சுழற்ற நீர்ச்சக்கரமோ நீராவி எஞ்சினோ வேண்டியிருந்தது. எஞ்சினைத் தோளில் சுமக்க முடியாது அல்லவா?

கரும்புத் தோட்டத்தில் பிறந்த எண்ணம்

மின்மோட்டார் வந்தபின் நிலைமை மாறியது. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட் நகரத்து ஃபைன் நிறுவனம் 1895ஆம் ஆண்டில் கையில் பிடிக்கும் மின்சாரத் துளைக்கருவியைச் செய்தது. அமெரிக்காவில் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் துப்பாக்கிப் பிடியும் விசைப் பொத்தானும் கொண்ட துளைக்கருவிக்கு 1917ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றது. துளையிடுவது எளிது, அறுப்பதுதான் கடினம். அறுக்கும் கருவி மரத்தினூடே நகர வேண்டும். அதே நேரம் பிடித்திருப்பவர் கையையும் விட்டுவைக்க வேண்டும்.

1921ஆம் ஆண்டில் எட்மண்ட் மிஷெல் என்பவர் தென் அமெரிக்க மாநிலமான லூசியானாவில் என்று தவறாக எண்ணிவிடாதீர்கள். ஐக்கிய அமெரிக்க நாட்டின் தென்பகுதியில் உள்ள லூசியானாவில், நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பக்கம் கரும்பு வெட்டுவோரைக் கவனித்தார். வெட்டுக்கத்தியை ஓங்கி ஓங்கி வெட்டி அவர்கள் களைத்துப் போவதைக் கண்டு, கத்தியோடு ஒரு மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். நுனியில் சிறிய வட்ட ரம்பம் சுழன்றது. கரும்புக்கு இது பயன்பட்டதைவிட மரத்துக்கு நன்றாகப் பயன்படும் என்பது விரைவில் தெரிந்தது. ஜோசப் சல்லிவன் என்பவர் அவரோடு கூட்டுச் சேர, 1924ஆம் ஆண்டில் சிகாகோவில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் மிஷெல் விலகினார். நிறுவனம் ‘ஸ்கில்சா’ என்று பெயர் பெற்றது. அமெரிக்கத் தச்சர்கள் எந்தக் கம்பெனியின் கைரம்பத்தையும் ‘ஸ்கில்சா’ என்றே அழைக்கும் அளவுக்கு அப்பெயர் பரவியது. 1937ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் 77’ என்ற ரம்பத்தின் வழித்தோன்றல் இன்றும் விற்பனையில் உள்ளது.

மிஷெலின் ரம்பத்தில் மோட்டாரின் தண்டும் ரம்பத் தட்டின் அச்சும் செங்கோணத்தில் அமைந்தன. இடையே திருகு போன்ற ஒரு தண்டு பல்சக்கரத்தைச் சுழற்றியது. இதனை ‘வார்ம் டிரைவ்’ என்பர். விசை மிகுதி, எடையும் மிகுதி. சில ஆண்டுகளில் போர்ட்டர்-கேபிள் நிறுவனத்தின் பொறியாளர் ஆர்ட் எம்மன்ஸ் வேறொரு வழி கண்டார். மோட்டாரைத் தட்டுக்குப் பக்கவாட்டில் வைத்து, சாய்வான பற்களுள்ள சக்கரங்களால் இணைத்தார். கருவி குட்டையாயிற்று, இலேசாயிற்று. நம் நாட்டுக் கடைகளில் இன்று நீங்கள் காண்பது பெரும்பாலும் எம்மன்ஸ் வகைதான்.

மரத்தில் வளைவாக அறுக்க வட்ட ரம்பம் உதவாது. சுவிட்சர்லாந்தில் சிந்தில்லா நிறுவனத்தின் பொறியாளர் ஆல்பர்ட் கௌஃப்மன் 1946ஆம் ஆண்டில் தையல் இயந்திரத்தின் ஊசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிறு ரம்பத்தைப் பொருத்தினார். ‘ஜிக் சா’ என்று நம் தச்சர்கள் அழைக்கும் கருவி அப்படிப் பிறந்தது. ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1926ஆம் ஆண்டில் செய்த மின்சாரச் சங்கிலி ரம்பத்தின் எடை 64 கிலோ. அது தச்சு வேலைக்கு உரியதன்று என்பதால் இங்கே விட்டுவிடுவோம்.

ஒரு நாள், ஓர் ஆணை

நெல்லியாளத்துக்குத் திரும்புவோம். கூடலூர், பந்தலூர்ப் பகுதிக் காடுகளில் பழைய ஜன்ம நிலங்கள் ஏராளம். அங்கே மரம் வெட்டப்படுவதைத் தடுக்கக் கோரி, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த டி. என். கோதவர்மன் திருமுல்பாடு 1995ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வந்த இடைக்கால ஆணை, அந்த மலையோடு நிற்கவில்லை. நாடு முழுவதையும் தொட்டது. மைய அரசின் முன் அனுமதியின்றிக் காட்டுக்குள் நடக்கும் மரஅறுப்பு ஆலைகள் உள்ளிட்ட பணிகள் உடனே நிற்க வேண்டும் என்றது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, காட்டுப் பகுதிகளில் மரம் வெட்ட முழுத் தடை விதித்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களில் நிழல் மரங்களை வெட்டுவதற்குக்கூட வரம்பு கட்டியது: தானாக முளைத்தவற்றைத் தொடக் கூடாது, நட்டு வளர்த்தவற்றை மட்டும், தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான ‘டான்டீ’யின் அறிக்கை குறிப்பிடும் இனங்களை மட்டும், அரசுக் குழுவின் மேற்பார்வையில் வெட்டலாம். இதற்கு முன்பே மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டுச் சட்டமும், ஈட்டி மரத்தைக் காக்க 1994ஆம் ஆண்டுச் சட்டமும் வந்திருந்தன.

ஆற்றில் மிதந்து போன மரத்தின் காலம் அத்தோடு முடிந்தது எனலாம். இப்போது இந்த மலைத் தச்சரின் கைக்கு வருவது என்ன? அனுமதி பெற்று வெட்டிய சில்வர் ஓக்; இடித்த வீட்டின் பழைய உத்தரம்; கீழ்நாட்டிலிருந்து லாரியில் வரும் பிளைவுட் பலகை. இவற்றை ஆலைக்குச் சுமந்து செல்வது கட்டுப்படியாகாது. வீடு கட்டும் இடத்திலேயே, சரிவில் நின்றுகொண்டு, அறுக்க வேண்டும். ரம்பம் மீண்டும் மரத்தைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. இம்முறை குழியும் இல்லை, இரண்டாவது ஆளும் இல்லை. ஒரு தச்சரும் ஒரு மின்கம்பியும் மட்டுமே.

கடையில் உள்ள இரண்டு கருவிகள்

முதலில் சொன்ன இரண்டு கருவிகளையும் இப்போது கையில் எடுப்போம். பெரியது 185 மில்லிமீட்டர், அதாவது 7¼ அங்குலத் தட்டுள்ள வட்ட ரம்பம். நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 சுற்று. சிறியது கல் அறுப்பதற்கென உருவான 110 மில்லிமீட்டர்க் கருவி. கடைகளில் ‘மார்பிள் கட்டர்’ என்பார்கள். நிமிடத்துக்கு 13,000 சுற்று வரை ஓடும். கல் தட்டைக் கழற்றிவிட்டு மரம் அறுக்கும் தட்டை மாட்டிக்கொள்ளும் வழக்கம் நம் நாடெங்கும் பரவியுள்ளது. காரணம் விலைதான்.

கணக்குப் போடத் தெரிந்த மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தட்டின் விளிம்பு வினாடிக்குச் சுமார் 48 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதில் 24 பற்கள் இருந்தால், வினாடிக்கு 2,000 பற்கள் மரத்தைச் சந்திக்கின்றன. வினாடிக்கு 5 சென்டிமீட்டர் தள்ளினால், ஒரு பல் கடிப்பது 0.025 மில்லிமீட்டர். இது சீவுதல், தூள் துகள்துகளாக வெளியேறும், வெப்பத்தையும் எடுத்துச் செல்லும்.

சிறிய தட்டின் விளிம்போ வினாடிக்கு 75 மீட்டர், மணிக்கு 270 கிலோமீட்டர் ஓடுகிறது. 40 பற்கள் என்றால் வினாடிக்கு 8,600க்கு மேற்பட்ட கடிகள். மோட்டார் சிறியது என்பதால் மெல்லத்தான் தள்ள முடியும். வினாடிக்கு 3 சென்டிமீட்டர் என்று கொண்டால், ஒரு பல்லின் பங்கு 0.0035 மில்லிமீட்டர்தான். இது சீவுதல் அன்று, தேய்த்தல். மரம் கருகி வாசனை வருவது இதனால்தான்.

இதைவிடக் கவலைக்குரியது மற்றொன்று. ரம்பப் பல்லின் நுனியில் டங்ஸ்டன் கார்பைடு துண்டு ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. இது 1920களில் ஜெர்மனியில் மின்விளக்குத் தொழிலை ஒட்டிப் பிறந்த பொருள். வைரத்துக்குப் போட்டியாக வந்தது, கடினமானது, ஆனால் நொறுங்கக் கூடியது. சுழலும்போது அதனை வெளியே பிய்த்தெறிய முயலும் விசை, வேகத்தின் இருமடியை ஆரத்தால் வகுத்து நிறையால் பெருக்கினால் கிடைக்கும். பெரிய தட்டில் ஒரு கிராம் துண்டை 2½ கிலோ எடை இழுப்பதற்கு அது சமம். சிறிய தட்டிலோ 10 கிலோவுக்கு மேல்! பழைய உத்தரத்தில் மறைந்திருக்கும் ஆணியில் பல் மோதினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஒவ்வொரு தட்டின் மேலும் அது தாங்கும் உச்சச் சுழல்வேகம் அச்சிடப்பட்டிருக்கும். கருவியின் வேகம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அந்தத் தட்டை மாட்டவே கூடாது.

அடுத்து விசைப் பொத்தான். மார்பிள் கட்டர்கள் பலவற்றில், அழுத்திய பொத்தானைப் பூட்டிவிடலாம். கையை எடுத்தாலும் கருவி ஓடிக்கொண்டிருக்கும். கல்லை நீளமாக அறுப்பவருக்கு அது வசதி. மரத்துக்கென்றே செய்த நல்ல வட்ட ரம்பங்களில் இது நேர்மாறு: இன்னொரு சிறு பொத்தானையும் சேர்த்து அழுத்தினாலன்றி ஓடத் தொடங்காது, கையை விட்டால் நின்றுவிடும்.

ரம்பம் திடீரெனப் பின்னோக்கிப் பாய்வதுதான் இத்தொழிலின் பெரிய அபாயம். பலகையின் இரு முனைகளைத் தாங்கி நடுவில் அறுத்தால், அறுபடும் பலகை தொய்ந்து பிளவு மூடிக்கொள்ளும். தட்டின் பின்பகுதியை அது கவ்வும். தட்டின் பின்புறப் பற்கள் ஓடும் திசை எது, முன்புறப் பற்கள் ஓடும் திசை எது என்று பாருங்கள். முன்புறத்தில் பற்கள் கீழிருந்து மேலாக அறுக்கின்றன. ஆகவே கவ்வப்பட்ட தட்டு மரத்தைத் தள்ள முடியாமல் தன்னையே தள்ளிக்கொண்டு பலகை மேலேறி, பிடித்திருப்பவரை நோக்கி வருகிறது. ஒரு நொடியில் பாதிகூட ஆகாது. கையை எடுக்க நேரமில்லை. ஐரோப்பிய ரம்பங்கள் பலவற்றில் தட்டுக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று, பிளவு மூடிக்கொள்ளாதபடி ஆப்புப்போல் காக்கிறது. தச்சர் தாமே செய்யக்கூடிய காவலும் உண்டு: பலகையின் அடியில், அறுக்கும் கோட்டின் இருபுறமும் கட்டை வைத்துத் தாங்குதல், தட்டின் ஆழத்தைப் பலகையின் கனத்தைவிடச் சிறிதளவே கூடுதலாக அமைத்தல்.

முன்புறப் பற்கள் மேல்நோக்கி அறுப்பதால் சிலும்புவது பலகையின் மேற்பக்கமே. பிளைவுட்டின் நல்ல முகத்தைக் கீழே திருப்பி வைத்து அறுப்பது இதனால்தான்.

மழையும் மின்சாரமும்

மிஷெலின் ரம்பம் விற்பனைக்கு வந்து எட்டாண்டுகள் கழித்து, 1932ஆம் ஆண்டில் நீலகிரியின் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மழை இங்கே மின்சாரம் தரும் தோழன். கையில் மின்கருவி வைத்திருப்பவருக்கோ அதே மழை பகை. கருவியின் பெயர்த் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு உண்டு என்பதற்கு அது அடையாளம். ஆனால் அந்தக் காப்பு ஈரம் புகாத வரையில்தான். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு இல்லாத இணைப்பிலிருந்து, ஜூலை மாதத்துத் தேவாலாவில் திறந்த வெளியில் அறுக்க நான் யாருக்கும் யோசனை கூற மாட்டேன்.

மின்கலக் கருவி இருக்கிறதே என்பீர்கள். 1961ஆம் ஆண்டில் நிக்கல்-காட்மியம் மின்கலத்துடன் கம்பியில்லாத் துளைக்கருவி வந்தது. பின்னர் லித்தியம் மின்கலங்கள் இத்துறையில் நுழைந்தன. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் அடங்கியிருப்பது 90 வாட்-மணி. ரம்பம் 1,000 வாட் எடுத்துக்கொண்டால் இடைவிடாமல் ஐந்தரை நிமிடம் அறுக்கலாம். கதவு நிலை பொருத்தவும் பலகை நறுக்கவும் இது போதும். நாள் முழுதும் உத்தரம் பிளப்பவர் இரண்டு மூன்று மின்கலங்கள் வைத்திருக்க வேண்டும். அவற்றின் விலை ரம்பத்தின் விலையை எட்டிவிடும்.

மரத்தூளையும் மறந்துவிடக் கூடாது. குழிக்குள் நின்றவர் அன்று விழுங்கிய தூளைவிட இன்றைய ரம்பம் கிளப்பும் தூள் மிக நுண்ணியது. உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டில் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பையும் கொப்புளத்தையும் தரும். ஈட்டித் தூளும் அப்படியே. தூளை வெளியேற்றும் குழாய் பொருத்த வாய் உள்ள ரம்பமாகப் பார்த்து எடுப்பதும், முகமூடி அணிவதும் வேண்டும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது. நுண்தூள் அதனூடே செல்லும்.

விலை கொடுக்கும் முன், கடையிலேயே, மின்சாரம் இணைக்காமல் ஒன்று செய்து பாருங்கள். பெரிய ரம்பத்தின் அடியில் தட்டை மூடியிருக்கும் பிறைவடிவக் காப்பு ஒன்று இருக்கும். அறுக்கும்போது அது மரத்தால் தள்ளப்பட்டுப் பின்னே செல்லும். மரத்தைவிட்டு ரம்பம் வெளியே வந்ததும் வில்லின் விசையால் தானே முன்வந்து மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் இது கிடையாது. தட்டின் கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே இருக்கும். அந்தக் காப்பை விரலால் பின்னே தள்ளி, விட்டுவிடுங்கள். ‘டக்’கென்று மூட வேண்டும். ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தும், தலைகீழாகப் பிடித்தும் மறுபடி செய்யுங்கள். எந்த நிலையிலாவது தயங்கினால், வேறொன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்கிய பிறகு, சில்வர் ஓக்கின் ஈரத்தூள் அந்த வில்லில் அடைந்துகொள்ளும். வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் தட்டிவிட அரை நிமிடம் ஆகும்.